நாலு மில்லிமீட்டர்

போன மாதம் ஒரு பஞ்சாயத்துக்காகத் திருச்சிக்குப் போயிருந்தேன். நம்மையும் மதித்து ஒரு குடும்பம் கூப்பிடுகிறதே என்ற பெருமையில் பல்லவனைப் பிடித்துப் போய் இறங்கினால், விவகாரம் நிலமும் இல்லை, நகையும் இல்லை. ஒரு சைக்கிள். இன்னும் சரியாகச் சொன்னால், அந்த சைக்கிளின் இரண்டு சக்கரங்கள்.

சைக்கிள் நண்பரின் அப்பாவுடையது. அவர் டாக்டர். எழுபதுகளில் இங்கிலாந்தில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தபோது, 1974-ல் அங்கே வாங்கியது. ஆட்டுக்கடாக் கொம்பு மாதிரி வளைந்த ஹேண்டில்பார், பின்னால் ஐந்து பல்சக்கரம், மெல்லிசான ஸ்டீல் குழாயில் செய்த ஃபிரேம், பளபளவென்று குரோமியம் பூசிய இரும்பு ரிம். 1981-ல் குடும்பம் ஊர் திரும்பியபோது கப்பலில் வந்த சாமான்களோடு இதுவும் வந்தது. கொஞ்ச காலம் கிளினிக்குக்கு அதில்தான் போய் வந்தார். டயர் போனது. அந்த அளவு டயர் அப்போது ஊரில் கிடைக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே நிறுத்திவிட்டு ஸ்கூட்டர் வாங்கினார். ஆறு வருஷத்துக்கு முன்பு காலமாகிவிட்டார்.

அம்மா மாதத்துக்கு ஒரு முறை அந்த சைக்கிளைத் துடைத்து வைக்கிறார். தேங்காய் எண்ணெயைத் துணியில் தொட்டு ரிம் முழுக்கத் தடவுவார். பிரேக் பிடிக்கிற இடத்தில் எண்ணெய் தடவக் கூடாது என்று யாரும் அவரிடம் சொன்னதில்லை. ஓடாத சைக்கிளுக்குப் பிரேக் எதற்கு?

இப்போது பேத்தி காலேஜில் சேர்ந்திருக்கிறாள். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். அவளுக்குத் தாத்தாவின் சைக்கிள்மேல் ஒரு கண். நண்பருக்கும் சந்தோஷம். சக்கரம் இரண்டையும் மாற்றி, நன்றாக ஓவராயில் பண்ணிக் கொடுத்துவிடலாம் என்று மெக்கானிக்கை வரச் சொல்லிவிட்டார். அங்கேதான் அம்மா குறுக்கே நின்றார்.

"டயர் போடு, ட்யூப் போடு, செயின் போடு. வேணாங்கல. சக்கரத்துல கை வச்சேன்னா அது அவர் சைக்கிள் இல்ல."

"தம்பி, நீங்க எழுதறவங்க. நீங்களே சொல்லுங்க" என்று என் பக்கம் வேறு திரும்பிவிட்டார்.

டயர் போடுவதுதான் முடியாத காரியமாக இருந்தது. சைக்கிள் சக்கரத்தின் அளவு என்பது ஒரு பெரிய ஏமாற்று வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். இந்த சைக்கிளில் இருப்பது 27 அங்குலச் சக்கரம். இன்றைக்குக் கடைகளில் தொங்குவது '700சி'. அதற்கே ஐரோப்பாவில் 28 அங்குலம் என்றும் ஒரு பெயர். மலையேற்ற சைக்கிள் விற்பவர்கள் அதே ரிம்மை 29 என்கிறார்கள். சரி, 27-ஐ விட 28 பெரிசு, 29 இன்னும் பெரிசு என்றுதானே நீங்களும் நானும் நினைப்போம்? கிடையாது. 27 அங்குல ரிம்மில் டயர் உட்காருகிற இடத்தின் விட்டம் 630 மி.மீ. 28, 29, 700சி என்று மூன்று வேஷம் போடும் அந்த இன்னொரு ரிம்மின் விட்டம் 622 மி.மீ. பெயரில் பெரிசு, ஆளில் சிறிசு.

26 அங்குலம் கதை இன்னும் மோசம். அந்த ஒரே பெயரில் 559, 571, 584, 590, 597 என்று ஐந்து ரிம் இருக்கிறது. ஒன்றின் டயர் இன்னொன்றில் ஏறாது. காரணம், அந்தக் காலத்தில் டயரோடு சேர்த்து மொத்தச் சக்கரமும் எவ்வளவு உயரம் என்பதை வைத்துப் பெயர் வைத்தார்கள். பிரெஞ்சுக்காரர்களின் 700-ம் அப்படித்தான். காற்றடைத்த டயரோடு ஏறக்குறைய 700 மி.மீ. அதில் ஏ, பி, சி என்ற எழுத்து டயரின் பருமனைச் சொன்னது. ஏ ஒல்லி, சி குண்டு. குண்டு டயருக்காகப் பிறந்த 'சி' ரிம்மில்தான் பந்தயக்காரர்கள் விரல் தடிமனுக்கு டயர் மாட்டி ஓட்டினார்கள். டயர் மாறிவிட்டது, பெயர் மட்டும் நிற்கிறது.

மெக்கானிக் பாலக்கரையில் கடை வைத்திருப்பவர். அறுபது வயதிருக்கும். "டயர்ல பேரைப் பார்க்காதீங்க சார், நம்பரைப் பாருங்க" என்று பழைய டயரைத் திருப்பிக் காட்டினார். வெடித்துப் போன ரப்பரின் ஓரத்தில் சின்னதாக 32-630 என்று இருந்தது. முதல் எண் பருமன், இரண்டாவது ரிம்மின் விட்டம். உலகம் முழுக்க ஒத்துக்கொண்ட கணக்கு. பெயர் எதுவானாலும் இரண்டாவது எண் ஒத்துப்போனால் ஏறும், இல்லாவிட்டால் ஏறாது. கல்யாணத் தரகர்களிடமும் இப்படி ஒரு நம்பர் இருந்தால் நன்றாக இருக்கும்.

630 டயர் உலகத்தில் இல்லாமல் போய்விடவில்லை. ஒரு சில கம்பெனிகள் இன்னும் செய்கின்றன. வெளியூரிலிருந்து வரவழைக்கலாம். ஆனால் அவள் தினமும் ஓட்டப் போகிறாள். வழியில் டயர் கிழிந்தால் அடுத்த டயர் வரும்வரை நடராஜா சர்வீஸ்தான். மெக்கானிக் சொன்ன இரண்டாவது காரணம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. குரோமியம் பூசிய இரும்பு ரிம்மில் மழை பட்டால் பிரேக் கட்டை வழுக்கும். காய்ந்திருக்கும்போது பிடிக்கிற பிடியில் கொஞ்சம்கூட ஈரத்தில் இருக்காது. அலுமினிய ரிம் ஈரத்திலும் எவ்வளவோ தேவலை. ஐப்பசியில் பஸ்ஸுக்கு நடுவே போகப் போகிற பெண்ணுக்கு இது அழகுப் பிரச்னை இல்லை.

பி.காம். படித்த புத்தி எங்கே போகும்? அம்மா டயரையும் சக்கரத்தையும் பிரித்துப் பேசியதும் எனக்கு வருமான வரிதான் ஞாபகம் வந்தது. 1961-ம் வருஷத்துப் பழைய சட்டத்தில் 31-வது பிரிவு. மெஷினுக்குச் செய்த 'கரண்ட் ரிப்பேர்' செலவை அந்த வருஷ லாபத்திலேயே கழித்துக்கொள்ளலாம். புதுச் சொத்து என்றால் முடியாது. வருஷா வருஷம் தேய்மானமாகத்தான் எழுத வேண்டும். எது ரிப்பேர், எது புதுசு என்று சரவணா ஸ்பின்னிங் மில்ஸ் வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய் 2007-ல் தீர்ப்பானது. பழைய ரிங் ஃபிரேமை எடுத்துவிட்டுப் புது ரிங் ஃபிரேம் வைத்தது ரிப்பேரா என்பது கேள்வி. மொத்த மில்லும் சேர்ந்துதான் நூல் நூற்கிறது, அதில் ஒரு பாகத்தைத்தான் மாற்றினோம் என்பது மில்லின் கட்சி. கோர்ட் ஒப்பவில்லை. ரிங் ஃபிரேம் தனித்து நிற்கிற மெஷின், அதை மாற்றினால் புதுச் சொத்துதான்; இருக்கிற சொத்தை இருக்கிறபடி காப்பாற்றுவதுதான் ரிப்பேர் என்று சொல்லிவிட்டது.

சைக்கிள் சக்கரம் தனித்து நிற்குமா? சின்ன வயதில் பழைய ரிம்மைக் குச்சியால் தட்டித் தெருவெல்லாம் ஓட்டியவர்கள், நிற்கும் என்று சத்தியம் செய்வார்கள். அந்தக் கணக்கில் அம்மா சொன்னது சட்டப்படி சரி.

கிரேக்கர்கள் இதையே கப்பலை வைத்துக் கேட்டார்கள். தீசியஸ் என்ற வீரனின் கப்பலில் உளுத்த பலகையை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே வந்தால், கடைசியில் அது அவன் கப்பலா? புளூட்டார்க் இதை எழுதி வைத்து இரண்டாயிரம் வருஷம் ஆகப் போகிறது. இன்னும் முடிவு வரவில்லை. நான் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடித்துவிட்டு ராத்திரி ரயில் பிடிக்க வேண்டும்.

இதற்குள் மெக்கானிக் சைக்கிளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தவர், "சார், இது ரெண்டும் ஒரே ரிம் இல்லையே" என்றார். பார்த்தோம். பின் ரிம்மின் பக்கவாட்டில் பொடிப் பொடியாகக் கோடு போட்டிருந்தது. முன் ரிம் வழவழவென்று மொழுக்கையாக இருந்தது. கம்பெனி முத்திரையும் வேறு.

நண்பருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "பார்த்தியாம்மா? முன் சக்கரம் ஏற்கெனவே மாத்தினதுதான்!"

அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. அவருக்குத் தெரியும். 1977 குளிர்காலம். ராத்திரி டியூட்டி முடிந்து மழையில் ஒரு இறக்கத்தில் வந்திருக்கிறார். பிரேக் பிடித்தும் நிற்கவில்லை. நேராகப் போய் ஒரு மதில் சுவரில் மோதினார். ரிம் எட்டு மாதிரி வளைந்துவிட்டது. கையில் ஏழு தையல். தான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே தான் படுத்துத் தையல் போட்டுக்கொண்டதை வருஷக்கணக்கில் சொல்லிச் சிரிப்பாராம். நண்பருக்கு அப்போது ஒரு வயது.

கேஸ் முடிந்தது என்றுதான் நினைத்தேன். 'ஒரிஜினல்' என்று ஒன்று அங்கே இல்லவே இல்லை. தாத்தாவே மாற்றியிருக்கிறார். அதுவும் எந்தக் கோளாறுக்காக மாற்ற வேண்டும் என்கிறோமோ, அதே கோளாறில் அடிபட்டு மாற்றியிருக்கிறார். இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்?

அம்மா ஒரு வரியில் சாட்சியைக் கலைத்தார். "அவர் மாத்தினா அது அவர் சைக்கிள்தான். நீங்க மாத்தினா அது உங்க சைக்கிள்."

நான் வாயை மூடிக்கொண்டேன். ஏனென்றால் அது உண்மை. தத்துவக்காரர்கள் எத்தனை பலகை மாறியது என்று எண்ணினார்கள். மாற்றியது யார் என்று அவர்கள் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. நம் வீடுகளில் பாருங்கள். அப்பாவே திண்ணையை இடித்து ஸ்கூட்டருக்குச் சாய்தளம் போட்டிருப்பார். யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டோம். அவர் போன பிறகு மிச்சம் இருக்கிற தூணை மகன் எடுத்தால் அத்தை முதல் சித்தப்பா வரை கண் கலங்குவார்கள். இடித்த அளவைப் பார்த்தால் அப்பாதான் அதிகம் இடித்தவர். ஆனாலும் வருத்தம் மகன்மேல்தான். அது வெறும் உணர்ச்சிவசம் என்று நான் பல வருஷம் நினைத்திருந்தேன். அன்றைக்கு அப்படித் தோன்றவில்லை. சொந்தக்காரன் தன் பொருளை மாற்றும்போது அவனுடைய வாழ்க்கை மேலே போகிறது, பொருளும் கூடவே போகிறது. அவன் போன பிறகு அந்தப் பொருள் அவனுக்காகப் பேச முடியாது. நாம் எதைச் செய்தாலும் அவன் சம்மதம் இல்லாமல்தான் செய்கிறோம்.

அப்படியென்றால் தொடவே கூடாதா? இங்கேயும் காமர்ஸ்தான் எனக்குக் கை கொடுத்தது. சொந்தக்காரன் ஒருத்தன், டிரஸ்டி இன்னொருத்தன். சொந்தக்காரன் சொத்தை விற்கலாம், உடைக்கலாம், கொளுத்தலாம். டிரஸ்டி அடுத்து வருகிறவனுக்குக் கணக்குக் காட்ட வேண்டியவன். அவன் செய்கிற மாற்றத்தை அடுத்தவன் வேண்டாமென்று நினைத்தால் கழற்றிவிட முடிய வேண்டும். திருப்பணி என்ற பெயரில் மணலைப் பீய்ச்சியடித்துக் கோயில் சுவரில் இருந்த கல்வெட்டை மழுங்கடித்தார்களே, அதில் கோபம் வந்தது சுத்தம் செய்ததற்காக இல்லை. அந்த எழுத்தை இனி எந்தத் தலைமுறை நினைத்தாலும் திரும்ப எழுத முடியாது.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மறுபடி சைக்கிளிடம் போனேன். மெக்கானிக்கிடம் கேள்வி மேல் கேள்வி. அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது.

630-க்கும் 622-க்கும் வித்தியாசம் எட்டு. சக்கரத்தின் நடுவிலிருந்து பார்த்தால் அதில் பாதி, நாலு மில்லிமீட்டர். அதாவது பிரேக் கட்டை இப்போது நிற்கிற இடத்திலிருந்து நாலு மில்லிமீட்டர் கீழே இறங்கினால் புது ரிம்மைத் தொடும். பிரேக் கையில் கட்டையை மாட்டுகிற இடத்தில் ஒரு நீளத் துவாரம் இருக்கிறது. போல்ட்டைத் தளர்த்திக் கட்டையை அதில் மேலும் கீழும் நகர்த்தலாம். அவர் ஸ்கேல் வைத்துப் பார்த்தார். துவாரத்தில் கீழ்ப்பக்கம் ஆறு மில்லிமீட்டர் காலி. இறங்கும். வேண்டாமென்றால் மறுபடி ஏறும்.

சக்கரம் சின்னதானால் பெடலும் நாலு மில்லிமீட்டர் தரையை நெருங்குமே? அதற்கும் வழி இருந்தது. ரிம் சுருங்கிய இடத்தில் கொஞ்சம் பருமனான டயரைப் போடலாம். பழைய சக்கரத்தில் 315-ம் டயர் 32-ம் சேர்த்து 347. புதுசில் 311-ம் டயர் 35-ம் சேர்த்து 346. ஒரே ஒரு மில்லிமீட்டர். திருச்சி ரோட்டுக்குப் பருமனான டயர் கூடுதல் சௌகரியம்.

நண்பர் எங்கேயோ கேள்விப்பட்டு, '650பி' போட்டால் இன்னும் மெத்தென்று இருக்குமாமே என்றார். அது 584. வித்தியாசம் நாலு இல்லை, இருபத்து மூன்று. கட்டை எட்டவே எட்டாது. நீளக் கை வைத்த வேறு பிரேக் தேடவேண்டும். பெடலும் இன்னும் தரையை நெருங்கும். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்து, நம்ம ஊர் பால்காரர் சைக்கிள் சக்கரத்தையே போடலாமே என்றார். அது 635. ரிம் பெரிசு, டயர் அதைவிடக் குண்டு. ஃபோர்க்குக்குள்ளேயே நுழையாது.

கடைசியாக ஒரு சிக்கல். ரெடிமேடாகப் புதுப் பின் சக்கரம் வாங்கினால் அதன் அச்சு அகலம் 130 மி.மீ. இந்த ஃபிரேமின் பின்பக்க இடைவெளி 120. ஸ்டீல் ஃபிரேம் என்பதால் பக்கத்துக்கு ஐந்து மில்லிமீட்டர் நெம்பி விரிக்கலாம். வளைந்த இடத்தில் நிற்கும். நிறையப் பேர் செய்கிறார்கள். திரும்ப நெருக்கவும் முடியும்தான். ஆனால் இரும்பை முன்னும் பின்னும் வளைத்தால் அது முன்பிருந்த இரும்பு இல்லை என்று மெக்கானிக்கே தலையாட்டினார். "சார், பழைய ஹப்பையே வச்சுக்கிட்டு, புது ரிம்மை அதுல கோக்கலாம். ஸ்போக்ஸ் மட்டும் கொஞ்சம் நீளம் கம்மியாப் போடணும். ஃபிரேமைத் தொடவே வேண்டாம்."

நடுவிலே அவர் வைத்தது இருக்கும். சுற்றிலும் பேத்திக்கு வேண்டியது. பழைய ரிம் இரண்டும், கழற்றிய ஸ்போக்ஸும் பரணில். என்றைக்காவது யாருக்காவது தோன்றினால் மறுபடி கோத்துக்கொள்ளலாம். இதுதான் என் தீர்ப்பு என்றேன்.

தீர்ப்பைச் சொன்னபோதே அதில் ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தெரிந்தது. திரும்பப் பெறக்கூடிய மாற்றத்தை மட்டும்தான் செய்வேன் என்று ஒருவர் பிடிவாதமாக நின்றால், அவர் சைக்கிளை ஓட்டவே கூடாது. ஓட்டினால் பல் தேயும், செயின் நீளும், பெயின்ட் உதிரும். அது எதையும் பரணில் வைத்துத் திரும்ப எடுக்க முடியாது. இத்தாலியில் டஸ்கனி பக்கம் காயோலே என்ற ஊரில் 1997-ல் 'லெரோய்கா' என்று ஒரு சைக்கிள் ஓட்டம் ஆரம்பித்தார்கள். 1987-க்கு முந்தைய ரோடு சைக்கிளுக்கான ஓட்டம் அது. கியர் மாற்றும் கைப்பிடி ஃபிரேமின் குழாயில் இருக்க வேண்டும், பெடலில் கால் வார் இருக்க வேண்டும், பிரேக் கேபிள் வெளியே தெரிய வேண்டும் என்று ஏகப்பட்ட கட்டுப்பாடு. படித்தபோது, இது என்ன மடி ஆசாரம் என்று சிரித்தேன். ஆனால் அவ்வளவு ஆசாரம் பார்க்கிறவர்கள் அந்த சைக்கிளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. சரளைக்கல் ரோட்டில், புழுதியில் ஓட்டித் தேய்க்கிறார்கள். அந்தப் பக்கத்து வெள்ளை மண் ரோடுகள் தார் பூசப்பட்டு மறைந்துவிடாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் ஓட்டமே தொடங்கியது.

அம்மா என் தீர்ப்பை முழுசாகக் கேட்டார். ஒத்துக்கொண்டார் என்று சொல்ல முடியாது. "பரண்ல வேண்டாம். எலி ஓடும். படிக்குக் கீழே, சைக்கிள் நின்ன எடத்துலயே மாட்டுங்க" என்றார். அவ்வளவுதான் பதில். பிறகு மெக்கானிக்கிடம், "இதுக்கு எண்ணெய் தடவலாமா?" என்று கேட்டார். இனி ஓடப் போவதில்லை என்பதால் தடவலாம் என்றார் அவர். எனக்கு என்னவோ போலிருந்தது. பேத்தி பாட்டியின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வேணாம் பாட்டி, நான் ஸ்கூட்டியே எடுத்துக்கறேன்" என்றாள். "சும்மா இரு" என்றார் அம்மா.

போன வாரம் மறுபடி திருச்சி போக வேண்டியிருந்தது. சைக்கிள் வாசலில் நின்றது. அலுமினிய ரிம்முக்கு குரோமியத்தின் பளபளப்பு இல்லை; வெள்ளி மங்கின மாதிரி ஒரு நிறம். கோட்டம் எடுத்து, சுண்டினால் பேசுகிற மாதிரி ஸ்போக்ஸை முறுக்கியிருந்தார் மெக்கானிக். படிக்குக் கீழே பழைய ரிம் இரண்டும் ஆணியில் தொங்கின.

முதல் நாள் ஓட்டுவதற்கு முன்பு என்ன நடந்தது என்று நண்பர் சொன்னார். பேத்தி ஏறி உட்கார்ந்ததும் அம்மா உள்ளே போய் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். ஆரத்தியோ என்னவோ என்று நினைத்தார்களாம். அம்மா குனிந்து முன் ரிம் முழுக்கத் தண்ணீரை ஊற்றினார். "இப்போ தெருமுனை வரைக்கும் வேகமாப் போயிட்டு வந்து, இந்தக் கல்லுகிட்ட நிறுத்து" என்றார். அவள் போய்த் திரும்பி வந்து பிரேக் பிடித்தாள். கல்லுக்கு ஒரு முழம் முன்னாலேயே நின்றது.

அம்மா கொஞ்ச நேரம் அந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். பிறகு இன்னொரு சொம்பு தண்ணீர் எடுத்துவரச் சொன்னார். பின் சக்கரத்துக்கு.